விளக்கு வேட்டைக்கு எந்த லர்ச்சர்? நான்கு கலப்புகளோடு ஒரு குளிர்காலம்

பக்கத்து வீட்டுப் பெரியவரின் நாய்க்குப் போன அக்டோபரில் பத்து வயது முடிந்தது. அதற்கு ஓடும் ஆசை குறையவில்லை, கால்தான் ஒத்துழைக்கவில்லை. இரண்டு முயல் பிடித்துக் கொண்டுவந்தாலே மறுநாள் காலையில் நொண்டும். இனிமேல் இவளுக்கு அடுப்புப் பக்கம்தான் என்று அவர் சொல்லிவிட்டார். இரவில் விளக்கடித்து முயலைக் காட்டி, நாயை விட்டுப் பிடிப்பதுதான் விளக்கு வேட்டை. வடகிழக்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுப் பகுதியான யார்க்ஷயர் வோல்ட்ஸில், டிரிஃபீல்டு ஊருக்கு மேற்கே, ஏழு குளிர்காலம் அவர் பின்னால் பேட்டரிப் பையைச் சுமந்துகொண்டு நடந்தவன் நான். பண்ணைக்காரர் இப்போது என் பெயரிலேயே எழுத்தில் அனுமதி தந்துவிட்டார். விளக்கும் இருக்கிறது. நாய்தான் இல்லை.

எந்த நாய் என்று முடிவு செய்ய ஒரு குளிர்காலம் ஆனது. வெவ்வேறு கலப்பு வைத்திருப்பவர்களிடம் கேட்டு, அவர்களோடு இரவில் போய், ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். இங்கிலாந்தில் இருந்துகொண்டு இதே கேள்வியோடு நிற்கும் ஒருவருக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு, இந்த வேலை எப்படி நடக்கிறது என்றாவது தெரியும்.

லர்ச்சர் என்பது ஓர் இனத்தின் பெயர் இல்லை. கண்ணால் பார்த்து விரட்டும் ஓட்டநாய் ஒரு பக்கம், மூளையோ மூக்கோ முரட்டுத்தனமோ உள்ள வேலைநாய் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்தால் லர்ச்சர். கிரேஹவுண்டு, விப்பெட், சலுகி எல்லாம் முதல் பக்கம். ஆடு மேய்க்கும் கோலி, பெட்லிங்டன் டெரியர், புல் டெரியர் எல்லாம் இரண்டாவது பக்கம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் இனப் பதிவேட்டில் இதற்கு இடம் கிடையாது. சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உடல்வாகு உடனே பிடிபடும்: ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட முகம். ஆனால் அவை தலைமுறை தலைமுறையாகத் தனி இனமாகக் காக்கப்பட்டவை. லர்ச்சரோ ஒவ்வொரு முறையும் ஒரு வேலைக்காக வேண்டுமென்றே கலக்கப்படுவது. 1671-இல் வந்த இங்கிலாந்து வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இல்லாதவர்கள் வைத்திருக்கக் கூடாத நாய்களில் லர்ச்சரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. ஏழையின் சட்டியில் கறி விழச் செய்யும் நாய் என்று அப்போதே பெயர் எடுத்துவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் நமக்கு எல்லாமே முயல்தான். இங்கே இரண்டு உண்டு. வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ராபிட் ஒன்று. வளையே இல்லாமல் திறந்த வயலில் தனியாகப் படுக்கும் பெரிய ஹேர் இன்னொன்று. முதலாவதைக் குழிமுயல் என்றும் இரண்டாவதைப் பெருமுயல் என்றும் எழுதுகிறேன். இந்த வித்தியாசம் தெரியாமல் விளக்கை எடுத்துக்கொண்டு போனால் நேராக நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

சட்டம்

2004-இல் நிறைவேறி 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்த வேட்டைச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாயை வைத்துக் காட்டுப் பாலூட்டிகளைத் துரத்துவதைத் தடை செய்கிறது. குழிமுயலும் எலியும் விதிவிலக்கு. அதுவும் நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிலத்துக்காரரோ பயிரிடுபவரோ அனுமதி தந்திருக்க வேண்டும். பெருமுயலை நாய் விட்டுத் துரத்த அனுமதி கிடையாது. நரியையும் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் இன்னும் கடுமை. அங்கே 2023-இல் வந்த புதிய சட்டம் குழிமுயலையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிட்டது. எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் இந்தக் கட்டுரையில் உள்ள வேட்டை சட்டப்படி செல்லாது. அங்கே இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். (நம் ஊரிலும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றம்தான்.)

அனுமதி இல்லாத நிலத்தில் இரவில் குழிமுயல் பிடித்தால் 1828-ஆம் ஆண்டின் இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பெருமுயல் விஷயத்தில் 2022-இல் தண்டனை ஏறியது. பெருமுயலைத் தேடும் எண்ணத்தோடு நாயை வைத்துக்கொண்டு அத்துமீறி நுழைந்தாலே 6 மாதம் வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம். நாயைக் கைப்பற்றலாம், அதைப் பராமரித்த செலவையும் உங்களிடமே வசூலிக்கலாம், இனி நாய் வளர்க்கவே கூடாது என்றும் உத்தரவிடலாம். பக்கத்து லிங்கன்ஷயர் காவல்துறை 'ஆபரேஷன் கலிலியோ' என்ற பெயரில் இதற்கென்றே ஆட்களை இறக்கியிருக்கிறது. அதனால் கிளம்பும் முன் நான் காவல்துறையின் அவசரமில்லாத அழைப்புக்கான 101-க்கு அழைத்து, இந்தப் பண்ணையில் இந்த நேரத்துக்கு விளக்கோடு இருப்பேன், வண்டி எண் இது என்று சொல்லிவிடுவேன். அனுமதிக் கடிதம் சட்டைப்பையில் இருக்கும். இருட்டில் ஒரு வெளிச்சத்தைப் பார்க்கும் பண்ணைக்காரருக்கு நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று தெரியாது.

நாய் என்ன செய்ய வேண்டியிருக்கிறது

இது புரிந்தால்தான் எந்தக் கலப்பு என்ற கேள்விக்கு அர்த்தம் வரும்.

விளக்கு இரவு என்றால் நிலா இருக்கக் கூடாது. மேகம் மூடியிருக்க வேண்டும், காற்று நன்றாக அடிக்க வேண்டும், லேசான தூறல் இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்ட இரவில் குழிமுயல் வளையை விட்டு வெகுதூரம் வந்து மேயும். காற்று நம் முகத்தில் அடிக்கிற மாதிரி நடந்தால் காலடிச் சத்தமும் வாடையும் அதனிடம் போய்ச் சேராது. விளக்கை ஒரு கணம் போட்டு வயலை ஒரு வீச்சு வீசிப் பார்த்துவிட்டு அணைத்துவிட வேண்டும். கண்கள் தெரியும். செம்மறியின் கண் பச்சையாகப் பளீரென்று மின்னும். நரியின் கண் வெள்ளையாக எரியும், தலையைத் திருப்பியதும் காணாமல் போகும், பிறகு வேறு இடத்தில் முளைக்கும். குழிமுயலின் கண் மங்கலான இளஞ்சிவப்பு. ஆட்டுக்கும் நரிக்கும் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம் முயலுக்கு இல்லை, நாம் பார்ப்பது கண்ணுக்குள் இருக்கும் ரத்த நாளத்தின் நிறம். பெரியவர் முதல் ஆண்டு முழுக்க எனக்குக் கற்றுத் தந்தது இது ஒன்றைத்தான். கண் நிறம் தெரியாமல் நாயை விட்டால் ஆட்டு மந்தைக்குள் விட்டதாகிவிடும்.

நாய் ஒரு வாரில் இருக்கும். கழுத்து வளையத்துக்குள் கோத்து, ஒரு முனையை விரலில் சுற்றி, இன்னொரு முனையை உள்ளங்கையில் பிடித்திருப்போம். கையைத் திறந்தால் உருவிக்கொண்டு போய்விடும். 60, 70 மீட்டரில் முயல் படுத்திருக்கிறது. முடிந்தால் முயலுக்கும் உயிர்வேலிக்கும் நடுவே போய் நின்றுகொண்டு விட வேண்டும். நாய் பாயும்போது வெளிச்சம் முயல்மேல் இருக்க வேண்டும், நாயின் கண்ணில் விழக் கூடாது. முயல் எழுந்து ஓடும், கடைசி நொடியில் வலது பக்கம் உடையும், நாய் சறுக்கி மண்ணை வாரி இறைத்துக்கொண்டு திரும்பும், இன்னொரு முறை உடையும். எல்லாம் பத்து, பதினைந்து நொடிதான். பிடித்ததும் விளக்கை அணைக்க வேண்டும். இருட்டில் நாய் என்னைத் தேடி வந்து, முயலை உயிரோடு என் கையில் தர வேண்டும். நான் அங்கேயே அந்தக் கணமே கழுத்தை முறித்து அதன் வேதனையை முடித்துவிட வேண்டும்.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பிடித்துவிட்டு அங்கேயே நிற்கும் நாயிடம் நான் விளக்கைப் போட்டுக்கொண்டு நடந்து போனால், அந்த வயலில் மீதி இருக்கும் அத்தனை முயலும் வேலிக்குள் போய்விடும். முயலும் தேவையில்லாமல் வதைபடும். குரைத்துக்கொண்டே துரத்தும் நாயும் அப்படித்தான், பண்ணை முழுக்கத் தண்டோரா போட்டுவிடும். தவறவிட்ட முயல் விளக்கு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை வெளிச்சம் பட்டதும் ஓடிவிடும், அந்த வயலில் அந்தப் பருவத்துக்கு வேலை முடிந்தது.

ஆக, எனக்கு வேண்டியது வேகமான நாய் அல்ல. போதுமான வேகத்தோடு, சட்டென்று திரும்பி, சத்தம் போடாமல், கையில் கொண்டுவந்து தரும் நாய். முள்கம்பி வரும்போது கொஞ்சம் யோசிக்கும் நாய்.

நாய்கள்

விப்பெட்டும் கிரேஹவுண்டும் கலந்தது. முழுக்க ஓட்டநாய் ரத்தம், கறாராகச் சொன்னால் லர்ச்சர் ஆகாது, ஆனாலும் இந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் நண்பர் ஒருவரின் சாம்பல் நிற ஆண்நாயோடு போனேன், தோள் உயரம் 23 அங்குலம் இருக்கும். முதல் நான்கு ஓட்டத்தில் நான்கு முயல். பாய்ந்ததும் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், முயலுக்குத் திரும்ப நேரமே இல்லை. நான் அப்போதே மனதில் முடிவு செய்துவிட்டேன், இதுதான் என்று. ஐந்தாவது முயல் வேலிப் பக்கம் ஓடியது. நண்பர் விளக்கைத் தணித்து நாயைக் கூப்பிட்டார். கூப்பிட்டது அதன் காதில் ஏறவில்லை. கீழ்க்கம்பியில் மோதிய சத்தம், கிடார் நரம்பு அறுந்த மாதிரி, காற்றையும் மீறி எங்களுக்குக் கேட்டது. போய்ப் பார்த்தபோது நெஞ்சிலிருந்து விலா வரை தோல் ஒரு சட்டைப் பொத்தான் கழன்ற மாதிரி திறந்திருந்தது. ரத்தம் அதிகம் இல்லை, உள்ளே தசை சிவப்பாக அப்படியே தெரிந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோட்டைக் கழற்றிச் சுற்றி, வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டது, மூன்று மாதம் ஓடவில்லை.

ஓட்டநாயின் தோல் காகிதம் போன்றது, அடியில் கொழுப்பும் இல்லை. குளிரில் இரண்டு வயல் நடப்பதற்குள் நடுங்கும். மயக்க மருந்துகளில் சிலவற்றை இந்த வகை நாய்களின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் கலப்பைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேலி குறைவான, சமமான புல்வெளி நிலம் இருப்பவருக்கு இதைவிட வேகமான நாய் இல்லை. அப்படி நிலம் என்னிடம் இல்லை.

பெட்லிங்டன் டெரியரும் விப்பெட்டும் கலந்தது. இதைப் பார்க்க வென்ஸ்லிடேலுக்குப் போனேன். அந்தப் பள்ளத்தாக்கின் நிலம் வேறு மாதிரி. சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள், அவற்றுக்கு நடுவே கைக்குட்டை மாதிரி சின்னச் சின்ன வயல்கள். சுவரின் அடியில் முயல் போய்வர விட்டிருக்கும் துளைக்கு அங்கே ஸ்மூட் என்று பேர். முயல் அந்தத் துளையைக் குறிவைத்துத்தான் ஓடும். அதற்குள் 40 மீட்டரில் வேலை முடிய வேண்டும்.

அந்த நாய் 19 அங்குலம்தான். சுருட்டை முடி, கீழ்த்தாடையில் கொஞ்சம் தாடி, பார்த்தால் ஆட்டுக்குட்டி. ஆனால் திரும்புவதைப் பார்க்க வேண்டும். முயல் உடைந்த இடத்திலேயே இதுவும் உடைந்தது, ஒரு அடி கூடத் தள்ளிப் போகவில்லை. எடை குறைவு என்பதால் சுவரில் மோதினாலும் பெரிய அடி இல்லை. டெரியர் ரத்தம் தோலைத் தடிப்பாக்கியிருக்கிறது, குளிரும் மழையும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பகலில் ஃபெரட்டோடு (முயலை வெளியே விரட்ட வளைக்குள் விடும், கீரி மாதிரியான வளர்ப்பு விலங்கு) வேலை செய்யவும் இதுதான் சிறந்தது. வளைக்குள் ஃபெரட் இறங்கினால் வெளியே அசையாமல் நின்று, எந்த வாய் வழியாக முயல் வரும் என்று தலையைச் சாய்த்துக் கேட்கும்.

குறை இரண்டு. ஒன்று மூக்கு. விளக்கு வேட்டைக்கு வாடை பிடிக்கும் மூக்கு எப்போதும் வரம் அல்ல. முயல் வேலிக்குள் போய்விட்டது என்றால் ஓட்டநாய் திரும்பி வந்துவிடும். இது வேலிக்குள் நுழைந்து தேட ஆரம்பித்துவிடும். பத்து நிமிடம் இருட்டில் நாய் எங்கே என்று தெரியாமல் நின்றோம், அதன் சொந்தக்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதவும் மனமில்லாமல். இரண்டாவது தூரம். வோல்ட்ஸில் 200 மீட்டர் தள்ளிப் பிடித்தால் இந்தச் சின்ன உடம்பு ஒன்றரைக் கிலோ முயலைத் தூக்கிக்கொண்டு உழவு மண்ணில் திரும்பி வர வேண்டும். நான்கு முறை வரும், ஐந்தாவது முறை நடந்து வரும். பெட்லிங்டன் வழியில் ஈரலில் செம்பு சேரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. முதல் தலைமுறைக் கலப்பில் அது நோயாக வெளிப்படாது. கலப்போடு கலப்பைச் சேர்த்த குட்டி என்றால் பெற்றோருக்கு மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்க வேண்டும்.

சலுகிக் கலப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 26, 27 அங்குலம், அழகென்றால் அவ்வளவு அழகு, நீண்ட தூரம் ஓடினாலும் மூச்சு வாங்காது. ஆனால் அது பகலில் திறந்த வெளியில் பெருமுயலுக்காக உருவான உடம்பு, அந்த வேலை இன்று குற்றம். குழிமுயல் திரும்பும்போது இது பேருந்து மாதிரி வளைந்து வரும். கொண்டுவந்து தருவதிலும் இதற்கு ஆர்வம் கம்மி. சலுகிக் கலப்பை வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டு இரவில் வோல்ட்ஸில் போனால் காவல்துறை நிறுத்திக் கேட்கத்தான் செய்யும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

புல் டெரியர் கலப்பு நரிக்காக வைத்திருந்தது. 2005-க்குப் பிறகு அதற்குச் சட்டப்படி வேலை இல்லை. குழிமுயலுக்கு அவ்வளவு தாடை தேவையும் இல்லை.

கோலியும் கிரேஹவுண்டும் கலந்தது. பெரியவரின் நாய் இதுதான், பாதிக்குப் பாதி. ஏழு ஆண்டு பார்த்துவிட்டதால் இதன் நல்லதும் கெட்டதும் எனக்கு மனப்பாடம். முதல் 30 மீட்டரில் விப்பெட் கலப்பு இதை விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் ஒன்பது ஆண்டில் ஒரே ஒரு முறைதான் கம்பியில் கிழிபட்டாள், அதுவும் முதல் ஆண்டில். பகலில் நடந்து பார்த்த வயலின் வேலி எங்கே, வாசல் எங்கே என்று இரவிலும் அவளுக்குத் தெரியும். வோல்ட்ஸ் சுண்ணாம்பு மண்ணில் கிடக்கும் கூர்மையான சக்கிமுக்கிக் கல் விப்பெட்டின் பாதத்தைக் கிழிக்கும், கோலியின் பாதம் இறுக்கமானது, தாங்கும். கையில் தருவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு நின்றால் இருட்டில் மூச்சுச் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம் முழங்காலில் ஒரு சூடான கனம் வந்து முட்டும். குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கெட்டதும் அந்த மூளையிலிருந்துதான் வருகிறது. மூன்றாவது குளிர்காலத்தில் அவள் கணக்குப் போட ஆரம்பித்தாள். முயலை நேராகத் துரத்தாமல், அது வேலியில் எங்கே நுழையும் என்று ஊகித்து அங்கே வெட்டிப் போவாள். சில நாள் அது அற்புதமாகப் பலித்தது. சில நாள் முயல் எதிர்ப்பக்கம் போய்விட, இவள் காலி வேலியில் நின்றுகொண்டிருந்தாள். இன்னொன்று, மனசு. ஒரு முறை பெரியவர் எரிச்சலில் அதட்டிவிட்டார், இரண்டு வாரம் கையில் தராமல் இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டு நின்றாள். கோலி ரத்தம் உள்ள நாயை அடிக்கவும் முடியாது, கத்தவும் முடியாது. மருந்திலும் கவனம் வேண்டும்: கோலி வழியில் சில நாய்களுக்கு ஒரு மரபணுக் கோளாறு உண்டு, ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளை மூளைக்குள் விட்டுவிடும். ஆட்டுக்குப் போடும் பூச்சி மருந்து பண்ணைகளில் கண்ட இடத்தில் கிடக்கும் என்பதால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இதே கலப்பில் முக்கால் கிரேஹவுண்டு, கால் கோலி என்று ஒரு வகை உண்டு. கோலிக் கலப்புத் தாயை மறுபடி கிரேஹவுண்டோடு சேர்ப்பது. ஜனவரியில் அப்படி ஒரு பெண்நாயோடு மூன்று இரவு போனேன், 24 அங்குலம். பாதிக் கலப்பு தவறவிடும் முதல் 30 மீட்டரை இது எட்டிப் பிடித்துவிடுகிறது. விப்பெட் கலப்பு அளவுக்கு இல்லை, ஆனால் போதும். கூப்பிட்டால் காது கேட்கிறது. மூன்றாவது இரவில் முயல் முள்கம்பிக்கு அடியில் நுழைந்தது. நாய் கம்பிக்கு இரண்டு அடி முன்னால் பின்னங்காலை ஊன்றி நின்றுவிட்டது. புல்லில் இரண்டு நீளக் கோடுகள். நான் வெளிச்சத்தை அந்தக் கோடுகள்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு, அப்புறம் வேறு வழிகள்

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பெரியவர் காலத்தில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி, 100 வாட் ஹாலஜன் பல்பு. 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அந்த பல்பு தொடர்ந்து ஒரு மணி நேரம் கூட எரியாது, அதனால் விட்டு விட்டுத்தான் போடுவோம். தோளில் இரண்டரைக் கிலோ தொங்கும். இன்று லித்தியம் பேட்டரி எல்இடி கையடக்கமாக வந்துவிட்டது. வாங்கும்போது எத்தனை மீட்டர் அடிக்கும் என்று பார்க்காதீர்கள், வெளிச்சத்தைத் தணிக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். 500 மீட்டர் அடிக்கும் விளக்கு, நாய் போகக் கூடாத தூரத்தில் இருக்கும் முயலைக் காட்டும், கை தானாக வாரை விட்டுவிடும். வெப்பத்தைக் காட்டும் தெர்மல் கருவி சில நூறு பவுண்டு ஆகும், ஆனால் விளக்கே போடாமல் வயலில் ஆடு இருக்கிறதா, பெருமுயல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். பணம் இருந்தால் இரண்டாவது விளக்குக்குப் பதில் அதை வாங்கலாம்.

நாயே வேண்டுமா என்றும் யோசிக்க வேண்டும். நாற்றுப் பருவத்தில் குளிர்காலக் கோதுமையைக் காப்பாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால், ஃபெரட்டும் சுருக்குவலையும் ஒரே பகலில் ஒரு வளைக் கூட்டத்தையே காலி செய்துவிடும். ஏர்கன்னோ சிறு துப்பாக்கியோ உள்ளவர் இரவில் ஒரே இடத்தில் உட்கார்ந்து நாயைவிட அதிகம் எடுப்பார், நாய்க்குக் காயமும் இல்லை. நாயின் பலம் வேறு. குண்டு பாயும் பயம் இல்லாததால் வீடுகளுக்குப் பக்கத்து வயலிலும் போகலாம், கறியில் ஈயம் இருக்காது. இதற்கு மேல், நாயோடு இரவில் நடப்பது பிடித்தவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும். வெறும் எண்ணிக்கைக்காக ஓர் உயிரை பத்து, பன்னிரண்டு ஆண்டு வீட்டில் வைத்துக்கொள்வது நியாயம் இல்லை.

முயலே இல்லாத நிலத்துக்கு நாய் எடுக்காதீர்கள். 1953-இல் கென்ட் பக்கம் வந்த மிக்ஸமடோசிஸ் நோய் சில ஆண்டுகளில் பிரிட்டன் குழிமுயலில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றது. மெல்லத் தேறி வந்தவற்றை 1990-களிலிருந்து ரத்தக்கசிவு நோய் தாக்குகிறது. தாயகமான ஸ்பெயின், போர்ச்சுகலில் குழிமுயல் இன்று அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பண்ணையிலேயே இரண்டு வயல்களை மூன்று ஆண்டாகத் தொடுவதில்லை. ஒரு வயலுக்கு மாதம் ஒரு முறை, பிப்ரவரி நடுவோடு நிறுத்தம். அதற்கு மேல் போனால் குட்டி போட்ட தாய் மாட்டும்.

நான் எடுத்தது

வளர்ந்த நாயா, குட்டியா என்பதில் நான் குட்டி பக்கம். இரண்டு வயது ஓடிய நாய் என்று விற்பவர்களில் உண்மையானவர்களும் இருக்கலாம். ஆனால் நன்றாக ஓடி, சத்தம் போடாமல், கையில் தரும் நாயை ஒருவர் எதற்கு விற்கிறார் என்ற கேள்விக்கு எனக்கு நல்ல பதில் கிடைத்ததே இல்லை. ஒரு முறை பார்க்கப் போன நாய் விளக்கைக் கண்டதும் ஊளையிட ஆரம்பித்தது. சின்ன வயதில் பிடிக்க முடியாத முயலுக்கெல்லாம் விட்டு விட்டுக் கெடுத்த நாய். அந்தப் பழக்கம் ஒரு முறை வந்தால் போகாது. குட்டியோடு வரும் செலவு பொறுமை. எலும்பின் வளரும் பகுதி மூடும்வரை, 12 முதல் 14 மாதம் வரை, முயலுக்கு விடக் கூடாது. முதல் பருவத்தில் ஒரு இரவுக்கு இரண்டு, மூன்று ஓட்டம், அதுவும் பிடிக்கக்கூடிய முயலுக்கு மட்டும். பழக்கம் இல்லாத உடம்பை விரட்டினால் தசை சிதைந்து சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அதைப் பார்த்தால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வென்ஸ்லிடேல் மாதிரி இடத்தில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெட்லிங்டன் விப்பெட் எடுத்திருப்பேன். ஃபெரட்டும் வளர்ப்பவர், சின்ன வீட்டில் இருப்பவர், குழந்தைகள் உள்ளவர் எல்லோருக்கும் என் பதில் அதுதான். இங்கே வோல்ட்ஸில், 20 ஹெக்டேர் கோதுமை வயலும், இடையிடையே முள்கம்பியும், காலுக்கடியில் சக்கிமுக்கியும் இருக்கும்போது, முக்கால் கிரேஹவுண்டு கால் கோலிதான். மூன்று இரவு நான் கூடப் போனேனே, அந்தப் பெண்நாயின் குட்டி. புல்லில் விழுந்த அந்த இரண்டு கோடுகளுக்காகத்தான் எடுத்தேன் என்றும் சொல்லலாம்.

இப்போது அவளுக்கு ஐந்து மாதம். வீட்டு நடைபாதையில் இரண்டு பக்கக் கதவையும் சாத்திவிட்டு, சுருட்டிய காலுறையை எறிவேன். வேறு வழி இல்லாததால் என்னிடம்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததும் உடனே பிடுங்கமாட்டேன், வாயில் வைத்திருக்கட்டும் என்று கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பேன். ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் வாரில் கட்டி உட்கார வைத்து, ஆடுகள் அவளுக்குச் சலித்துப் போகும்வரை காத்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு முறை மட்டும் இரவில் வயல் வாசல் வரை கூட்டிப் போனேன், வார் கையில் இரண்டு சுற்று. காற்று நன்றாக இருந்தது. விளக்கை ஒரு நொடி போட்டேன். வயலின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கண். அவள் என் பூட்ஸ்மேல் உட்கார்ந்துகொண்டாள், முதுகு முழுக்க நடுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அப்படியே நின்றோம்.